கைக்கு எட்டாத பொத்தானுக்குப் பயிற்சி பரிகாரம் ஆகாது

ஸ்கூபா முக்குளிப்பு கற்றுத்தரும் இடங்களில் ஆழ வேரூன்றிய கருத்து ஒன்று உண்டு. நீருக்கடியில் ஒருவர் தம் மிதப்புச் சட்டையின் பொத்தானைத் தேடித் தடுமாறினால் அவருக்குப் பழக்கம் போதவில்லை; கருவியைக் குறை சொல்லக் கூடாது; இன்னும் பல முறை மூழ்கி எழுந்தால் கை தானாகவே அந்த இடத்துக்குப் போய்விடும் என்பதே அது. இதோடு சேர்த்து இன்னொன்றும் சொல்வார்கள்: கட்டுப்பாடுகளை எளிதாக்கித் தருவது சோம்பலை வளர்க்கும், தேர்ந்தவர் மூச்சாலும் சரியான எடையாலும் மிதப்பை ஆள்வார், அவருக்குப் பொத்தான் எங்கே இருந்தால் என்ன? கண்டிப்பான ஆசிரியரின் அறிவுரை போல் ஒலிக்கும் இந்தக் கருத்து, பாதி உண்மையை முன்னால் நிறுத்தி ஒரு முழுத் தவறைக் காப்பாற்றுகிறது. மிதப்புக்குத் திறமைதான் அடிப்படை. அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்தத் திறமை செயலாக மாற வேண்டிய நொடியில் விரல் போகும் இடத்தில் பொத்தான் இல்லையென்றால், குறை கருவியில் இருக்கிறது. அதை மனிதரின் கணக்கில் எழுதிவிடுவதால், திருத்தக்கூடிய ஒன்று பல பத்தாண்டுகளாகத் திருத்தப்படாமலே கிடக்கிறது.

முதலில் பணயம் என்னவென்று பார்ப்போம். முக்குளிப்பவர்கள் பி.சி.டி. என்று அழைக்கும் மிதப்புச் சட்டை, முதுகில் சிலிண்டரைத் தாங்குவதோடு தனக்குள் ஒரு காற்றுப்பையையும் வைத்திருக்கிறது. இடது தோளிலிருந்து தொங்கும் மடிப்புக் குழாயின் முனையில் இன்ஃப்ளேட்டர் இருக்கிறது. அதில் இரண்டு பொத்தான்கள்: ஒன்று சிலிண்டரின் காற்றைப் பைக்குள் விடும், மற்றது பையிலிருந்து காற்றை வெளியேற்றும். பெரும்பாலான சட்டைகளில் இவை தவிர வலது தோளிலும், பின்புறம் இடுப்புக்குக் கீழும் கயிற்றை இழுத்துத் திறக்கும் வால்வுகள் உண்டு. கடல் மட்டத்தில் அழுத்தம் 1 பார். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னும் ஒரு பார் கூடுகிறது. ஆகவே 20 மீட்டர் ஆழத்தில் 3 பார். அங்கே பைக்குள் 5 லிட்டர் காற்று இருக்கிறது என்று கொள்வோம். அதை வெளியேற்றாமல் 10 மீட்டருக்கு ஏறினால் அதே காற்று ஏழரை லிட்டராகும். மேற்பரப்பை அடையும்போது 15 லிட்டராகும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ தூக்குவிசை. குளிர் தாங்க அணியும் வெட்சூட் உடையும், ஆழத்தில் நசுங்கியிருந்தது, கூடவே விரிந்து தன் பங்குக்குத் தூக்கும். ஏறினால் விசை கூடுகிறது, விசை கூடினால் இன்னும் வேகமாக ஏறுகிறோம். நிமிடத்துக்கு 18 மீட்டர் என்பது நெடுங்காலம் சொல்லித்தரப்பட்ட மேல்வரம்பு. இன்று பல பயிற்சி அமைப்புகள் 9 மீட்டரையே வலியுறுத்துகின்றன. அந்தப் பழைய வரம்பிலேயே கணக்கிட்டாலும், பொத்தானைத் தேடுவதில் போகும் ஐந்து நொடியில் ஒருவர் ஒன்றரை மீட்டர் ஏறிவிடுவார். கட்டுப்பாடு இழந்த ஏற்றத்தில் அதைவிட அதிகம். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழி இரத்தத்தில் கலந்து மூளையை அடையலாம். அப்படிப்பட்ட வேளையில் நொடிகளை வீணாக்கும் அமைப்பை வெறும் வசதிக் குறைவு என்று ஒதுக்க முடியாது.

இந்தப் பொத்தான்கள் ஏன் அந்த இடத்தில் இருக்கின்றன என்ற கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. மனிதக் கை எங்கே எளிதாகப் போகும் என்று அளந்து பார்த்து யாரும் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததாக அதன் வரலாறு காட்டவில்லை. 1961-இல் பிரான்சில் மோரிஸ் ஃபென்ஸியின் பெயரால் வந்த மிதப்புச் சட்டை, கழுத்தைச் சுற்றி மாட்டி மார்பின் மேல் கிடக்கும் பை. வாயால் ஊதுவதற்கு அதில் ஒரு மடிப்புக் குழாய் இருந்தது. 1971-இல் ஸ்கூபாப்ரோ நிறுவனம் காற்றுப்பையைக் கையில்லாச் சட்டை வடிவில் தைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. பை மார்பிலிருந்து முதுகுக்கும் பக்கவாட்டுக்கும் போனது. குழாய் மட்டும் போகவில்லை. பின்னர் சிலிண்டரிலிருந்து நேரே காற்றேற்றும் வழி வந்தபோதும், அந்த ஊதுகுழாயின் நுனியிலேயே பொத்தானைப் பொருத்தினார்கள். குழாயின் நீளம் வாய்க்கு எட்ட வேண்டும் என்பதால் அமைந்தது. அதன் அகலம் மூச்சுக்காற்று தடையின்றிப் போக வேண்டும் என்பதால் அமைந்தது. இன்று வாயால் ஊதுவது அவசரத்துக்கான மாற்று வழி. அன்றாட வேலை முழுவதும் விரலால் நடக்கிறது. ஆனாலும் விரலுக்கான கட்டுப்பாடு வாய்க்காக வகுத்த இடத்திலேயே தொங்குகிறது. மரபாக வந்தது என்பதால் ஒன்று சிறந்ததாகிவிடாது. பழகிப்போன இடத்தைச் சரியான இடமென்று எண்ணிக்கொள்வதுதான் நான் மறுக்கும் கருத்தின் முதல் பிழை.

அந்த இடத்தை அடைவதில் உள்ள சிக்கலை உடலின் நிலையிலிருந்து பார்க்க வேண்டும். முகமூடியின் விளிம்பு கீழ்நோக்கிய பார்வையை வெட்டிவிடுகிறது. தம் மார்பையே முழுதாகப் பார்க்க ஒருவர் தலையை நன்றாகக் குனிய வேண்டும், அப்போது மூச்சுவிட வாயில் வைத்திருக்கும் ரெகுலேட்டர் மறைக்கும். தெரிகிற பொருளும் நீரின் ஒளிவிலகலால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் இருக்கும் தொலைவைவிட அருகிலும் தெரியும். குளிர்நீரில் விரல்கள் மரத்துப்போகும்; கையுறை தடித்தால் தொட்டறியும் நுட்பம் குறையும். குழாய் கட்டப்படாமல் இருந்தால் அது மிதந்து தோளுக்குப் பின்னால் போய்விடும். இவற்றோடு, கற்பிக்கும் முறையே மாறியிருக்கிறது. முன்பு முக்குளிப்பவர் ஏறக்குறைய நின்ற நிலையில் இருப்பது பிழையாகத் தெரியவில்லை. இன்று நல்ல பயிற்சி எல்லாம் நீரில் கிடைமட்டமாக உடலை வைக்கச் சொல்கிறது, அது சரியும்கூட. காற்றோ எப்போதும் பையின் உயரமான இடத்துக்கே போகும். கிடைமட்டமாகவோ தலை சற்றுத் தாழ்ந்தோ இருப்பவரின் பையில் காற்று முதுகிலும் பின்புறத்திலும் தேங்கி நிற்கும். அவர் இன்ஃப்ளேட்டரைத் தூக்கிப் பொத்தானை அழுத்தினால் காற்று வராது. ஒன்று அவர் நிமிர்ந்து நிற்க வேண்டும், அல்லது பின்புறக் கயிற்றைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்தக் கயிறு சில சட்டைகளில் வலப்பக்கம், சிலவற்றில் இடப்பக்கம். அதன் நுனியிலுள்ள சிறு குமிழ் எடைப்பைக்கடியில் ஒதுங்கிக் கிடக்கும். நாம் கற்பிக்கும் உடல்நிலைக்கும் நாம் மாட்டிவிடும் கருவிக்கும் பொருத்தம் இல்லை. இந்த முரண்பாட்டை எந்தப் பயிற்சியும் உருவாக்கவில்லை. எந்தப் பயிற்சியாலும் அதைத் தீர்க்கவும் முடியாது.

சான்று எங்கே என்று கேட்பவர்களுக்கு, உயிரிழப்புகளின் ஆய்வு ஒரு தொடக்கம். முக்குளிப்பவர் பாதுகாப்புக்கான டான் அமைப்பைச் சேர்ந்த பீட்டர் டெனோபிளும் அவர் குழுவினரும் 947 பொழுதுபோக்கு முக்குளிப்பு மரணங்களை ஆராய்ந்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நிலைமையைக் கைமீறச் செய்த காரணி எதுவென்று கண்டறிய முடிந்தவற்றில் அவசர ஏற்றம் 55 சதவீதம். மிதப்புச் சிக்கல் 13 சதவீதம். விபத்தின் முதல் தூண்டுதலைக் கண்டறிய முடிந்தவற்றில் காற்றுப் பற்றாக்குறை 41 சதவீதம், கருவிச் சிக்கல் 15 சதவீதம். பொத்தானின் இடம் தவறாக இருந்ததால் இத்தனை பேர் இறந்தார்கள் என்று இந்த எண்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல வைக்கவும் கூடாது. அவை காட்டுவது இவ்வளவு: ஒழுங்கான ஏற்றம் கைநழுவிப் போவது முக்குளிப்பின் மிகக் கொடிய கண்ணி. அந்த ஏற்றத்தை ஒழுங்காக வைத்திருக்கும் முதன்மைக் கருவி மிதப்புச் சட்டை. இறந்தவரின் கை கடைசி நொடிகளில் எங்கே தேடியது என்பதை எந்த ஆய்வாளரும் பார்க்க முடியாது. பதிவேட்டில் மிஞ்சுவது ‘கட்டுப்பாடற்ற ஏற்றம்’ என்ற சொல் மட்டும்; அதைப் படிப்பவர் முக்குளிப்பவரின் தவறு என்று முடித்துக்கொள்கிறார். ஆகவே சான்று இல்லை என்ற வாதம், சான்று பதிவாக வழியில்லாத முறையின் விளைவையே தனக்கு ஆதாரமாகக் காட்டுகிறது.

இதே தவறைச் செய்து, பிறகு திருந்திய துறை ஒன்று இருக்கிறது: வானூர்தித் துறை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் தரையிறங்கிய பின் விமானிகள் இறக்கை மடிப்புகளை உயர்த்துவதாக எண்ணிச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். தொடக்கத்தில் இது விமானியின் பிழை என்றே பதிவானது. இன்னும் பயிற்சி கொடுங்கள் என்பதே அன்றும் எளிதாகக் கிடைத்த விடை. உளவியலாளர் ஆல்ஃபோன்ஸ் சாப்பானிஸ் விமானி அறையைப் பார்த்தார். இரண்டு கட்டுப்பாடுகளும் அருகருகே, ஒரே மாதிரி இருந்தன. சக்கரக் கைப்பிடிக்குச் சிறு சக்கர வடிவமும் இறக்கை மடிப்புக் கைப்பிடிக்கு ஆப்பு வடிவமும் கொடுத்தால் கை பார்க்காமலே உணரும் என்றார். 1947-இல் பால் ஃபிட்ஸும் ரிச்சர்ட் ஜோன்ஸும் ‘விமானிப் பிழை’ என்று சொல்லப்பட்ட 460 நிகழ்வுகளை வகைப்படுத்தினார்கள். அவற்றில் ஏறத்தாழப் பாதி, ஒரு கட்டுப்பாட்டை இன்னொன்றாக எண்ணி இயக்கியதால் வந்தவை. போரில் பறந்த விமானிகளுக்குப் பழக்கம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இன்று அமெரிக்க விமான விதிகள் பெரிய பயணிகள் விமானங்களில் அந்தக் கைப்பிடிகளின் வடிவத்தையே சட்டமாக வகுத்திருக்கின்றன. ஒரு கட்டுப்பாடு கைக்கு எட்டுவது என்றால் கையின் நீளம் மட்டும் கணக்கு இல்லை. கை போய்ச் சேர்ந்த இடத்தில் இது அதுதான் என்று விரலுக்குத் தெரியவும் வேண்டும். ஒரே குழாய் நுனியில் ஒரு அங்குல இடைவெளியில் நேர்எதிரான வேலை செய்யும் இரண்டு பொத்தான்களை வைத்திருக்கும் கருவிக்கு இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். கீழே இறங்க வேண்டிய நேரத்தில் காற்றேற்றும் பொத்தானை அழுத்துபவர் தரையில் சக்கரத்தை மடக்கிய விமானியின் நிலையில்தான் இருக்கிறார். சில இன்ஃப்ளேட்டர்கள் மாற்று ரெகுலேட்டராகவும் பயன்படுகின்றன. அவற்றில் ரெகுலேட்டரின் பொத்தானும் சேர்ந்து மூன்றாகிவிடுகிறது.

பழக்கமே எல்லாவற்றையும் சரிசெய்யும் என்பவர்கள் யாரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். சொந்தச் சட்டையோடு ஆண்டுக்கு நூறு முறை மூழ்கும் ஆசிரியருக்கு அது உண்மை. ஆனால் உலகின் கடற்கரைகளில் நீரில் இறங்குபவர்களில் மிகப் பலர் விடுமுறைக்கு வருபவர்கள். அந்தமானின் ஹேவ்லாக்கிலோ புதுச்சேரியிலோ திருகோணமலையிலோ ஆண்டில் சில முறை மூழ்குபவர் பெரும்பாலும் வாடகைச் சட்டையைத்தான் அணிகிறார். இன்று ஒரு நிறுவனத்தின் சட்டை, அடுத்த முறை வேறொன்று. காற்றேற்றும் பொத்தான் ஒன்றில் பக்கவாட்டில், இன்னொன்றில் மேலே. பின்புற வால்வு ஒன்றில் இடம், இன்னொன்றில் வலம். கை பழகுவதற்கு முதல் நிபந்தனை, ஒரே பொருள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இருப்பது. அந்த நிபந்தனையைக் கருவித் தொழில் தராமலே அதன் பலனை முக்குளிப்பவரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. இன்னொன்றும் உண்டு: பதற்றம் வரும்போது மனம் பழைய பழக்கத்துக்கே திரும்பும். வேறொரு சட்டையில் பழகிய கை அப்போது தவறான இடத்துக்கே போகும்; அதாவது, பழக்கமே எதிராக வேலை செய்யும். தோள்மூட்டு வலி உள்ளவர்கள், கை குட்டையானவர்கள், ஒரு கையின் பயன்பாட்டை இழந்தவர்கள் ஆகியோரை எண்ணிப் பாருங்கள். உடற்குறை உள்ளவர்கள் முக்குளிக்க முடியும் என்று காட்டுவதற்காக 1981-இல் ஜிம் கேட்டகர் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சங்கம் இன்று உலகெங்கும் அறியப்பட்டது. இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கு இன்னும் பயிற்சி எடுங்கள் என்று சொல்வது பதிலாகுமா?

எதிர்வாதங்களில் வலிமையானது எளிமையை முன்வைப்பது. ஃப்ளோரிடாவின் நீரடிக் குகைகளில் மூழ்கியவர்களிடமிருந்து, வில்லியம் ஹோகார்த் மெயினின் பெயரால் ஹோகார்த்தியன் என்று வழங்கும் ஒரு முறை வளர்ந்தது. 1998-இல் ஜாரட் ஜப்லான்ஸ்கி தொடங்கிய ஜி.யு.இ. அமைப்பு அந்த மரபை உலகெங்கும் கொண்டுசென்றது. வேண்டாத எதையும் மாட்டாதே, குழுவில் எல்லோரையும் போல ஒரே அமைப்பில் இரு, திறமையை வளர்த்துக்கொள் என்பது அதன் சாரம். கருவியை எளிதாக்கு என்ற கோரிக்கைக்கு எதிராக இந்த மரபையே பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் உண்மையில் செய்வதைப் பாருங்கள். இன்ஃப்ளேட்டர் குழாய் மிதந்து போகாதபடி இடது தோள்பட்டை வளையத்தில் ரப்பர் கயிற்றால் கட்டியிருப்பார்கள். குழாயின் நீளம் தேவைக்கு மேல் இராது. வளையங்கள் எல்லாம் அவரவர் கை எட்டும் அளவுக்கு நகர்த்திப் பொருத்தப்பட்டிருக்கும். பின்புற வால்வு எப்போதும் இடப்பக்கம். குழுவில் எவரும் எவர் மேலும் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்து வேண்டியதை எடுக்கலாம். திறமையை எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் இந்த மரபுதான் கைக்கு எட்டுவதையும் மற்றெவரையும்விடக் கண்டிப்பாகக் கவனித்திருக்கிறது. ஆகவே அதை மேற்கோள் காட்டுபவர்கள் என் வாதத்துக்குத்தான் சான்று சேர்க்கிறார்கள். திறமையும் எட்டுவதும் ஒன்றையொன்று தாங்கும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்ற எதிரிணை அங்கே இல்லவே இல்லை.

அடுத்தது, புதிய அமைப்புகள் புதிய பழுதுகளைக் கொண்டுவரும் என்ற அச்சம். அக்வா லங் நிறுவனத்தின் ஐ3 என்ற அமைப்பில் மடிப்புக் குழாய்க்குப் பதிலாக இடது இடுப்பருகே ஒரு நெம்புகோல் இருக்கிறது: மேலே தூக்கினால் காற்று ஏறும், கீழே அழுத்தினால் வெளியேறும். கை இயல்பாகத் தொங்கும் இடத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. மேல் என்றால் மேல், கீழ் என்றால் கீழ் என்பதால் குழப்பமும் இல்லை. இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் உண்மை உண்டு. உள்ளே பாகங்கள் கூடுகின்றன. பராமரிப்புக்குத் தேர்ந்த கை வேண்டும். மயங்கியவரைத் தூக்க வரும் மற்றொருவர் தோளருகே குழாயைத் தேடி ஏமாறலாம். கடைசிக் குறை சிறியதில்லை. ஆனால் அதன் காரணம் என்ன? எல்லோரும் அறிந்த ஒரே இடம் என்று இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்பதுதான். அதற்கு மருந்து, நல்ல இடத்தைப் பொதுவான இடமாக்குவது. நல்ல இடத்தையே கைவிடுவது மருந்தாகாது. பழுது என்று பார்த்தால் வழக்கமான இன்ஃப்ளேட்டரும் விலக்குப் பெற்றதில்லை. உப்பும் மணலும் படிந்து காற்றேற்றும் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்வது தெரிந்த ஆபத்து. அதற்காகவே நீருக்கடியில் குழாய் இணைப்பைக் கழற்றும் பயிற்சியைக் கற்பிக்கிறார்கள். அந்த இணைப்பு வளையத்தையும் தடித்த கையுறையோடு பிடித்து இழுப்பது கடினம். அப்படியிருக்க, பழைய அமைப்பின் பழுதுகளைப் பயிற்சியால் கடக்கலாம் என்றும் புதியதன் பழுதுகள் மன்னிக்க முடியாதவை என்றும் சொல்வது ஒருதலையான தராசு.

எளிதில் எட்டுவது எளிதில் தவறுதலாகவும் அழுத்தப்படும் என்பது மூன்றாவது வாதம். இதுவும் வடிவமைப்பைப் பற்றிய கேள்விதான். அதற்கு விடையும் வடிவமைப்பிலேயே இருக்கிறது. காற்றேற்றும் பொத்தானைச் சற்றுக் குழித்து வைக்கலாம், வெளியேற்றும் பொத்தானை மேடாகவும் வேறு வடிவிலும் வைக்கலாம். அப்போது விரல் இரண்டையும் பார்க்காமலே பிரித்தறியும். அடுத்து மூச்சையும் எடையையும் பற்றிய வாதம். சரியான எடையோடு இறங்கினால் சட்டையில் குறைந்த காற்றே போதும் என்பதும், சிறு மாற்றங்களை நுரையீரலே சமாளிக்கும் என்பதும் முற்றிலும் சரி. ஒவ்வொருவரும் கற்க வேண்டியது அது. ஆனால் வெட்சூட் ஆழத்தில் மிதப்பை இழப்பதும், சிலிண்டரில் காற்று குறையக் குறைய அதன் எடை குறைவதும் மூச்சுக்கு அப்பாற்பட்டவை. அவற்றை ஈடுகட்டத்தான் சட்டை இருக்கிறது. தேர்ந்தவர் பொத்தானைக் குறைவாகத் தொடுவார். தொடும்போது தவறாமல் தொட வேண்டிய கட்டாயம் அவருக்கும் உண்டு. கற்றுக்கொள்பவரோ அடிக்கடி தொடுவார். அவருக்குத்தான் தேடல் மிகக் கடினமாக இருக்கிறது. மேலும், பொத்தானைத் தேடுவதில் கவனம் போகாதவருக்கே தம் மூச்சையும் உடல்நிலையையும் கவனிக்க மனம் மிஞ்சும். எளிதாக்குவது சோம்பலை வளர்க்கும் என்பவர்கள் கற்றலின் இந்த இயல்பைக் கணக்கில் எடுப்பதில்லை.

வேண்டிய மாற்றங்களில் பெரும்பாலானவை விலை உயர்ந்தவையும் இல்லை. குழாயை மார்பருகே நிறுத்தும் ஒரு ரப்பர் வளையம், விரலுக்கு வேறுபாடு தெரியும் இரண்டு பொத்தான்கள், கையுறையோடும் பிடிபடும் பெரிய குமிழ், எல்லாச் சட்டைகளிலும் ஒரே பக்கத்தில் பின்புற வால்வு: இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. ஐரோப்பாவில் மிதப்புச் சட்டைகளுக்கென்றே ஈ.என். 1809 என்ற தரவிதி இருக்கிறது. தரவிதிகளை வகுப்பவர்கள் பொத்தான்களின் இடத்தையும் வடிவத்தையும் எல்லா உற்பத்தியாளர்களுக்கும் பொதுவாக்க வேண்டும். வாடகைக்குக் கருவி கொடுக்கும் மையங்கள் தம் சட்டைகளையெல்லாம் ஒரே அமைப்பில் வாங்கலாம். அது முடியாவிட்டால், இறங்குவதற்கு முன் ஒவ்வொருவரையும் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பொத்தான்களையும் ஒவ்வொரு கயிற்றையும் தொட்டுக் காட்டச் சொல்லலாம். இப்போதைய முன்சோதனை சட்டை வேலை செய்கிறதா என்று பார்க்கிறது. அணிந்தவரின் கை அதைக் கண்டுபிடிக்கிறதா என்றும் அது பார்க்க வேண்டும். வாங்குபவர்கள் கடையில் நிறத்தையும் பைகளையும் பார்ப்பதற்கு முன், சட்டையை மாட்டிக் கையுறை அணிந்து கிடைமட்டமாகக் குனிந்து ஒவ்வொரு வால்வையும் எட்டிப் பார்க்க வேண்டும். எட்டாத சட்டையை வாங்கக் கூடாது. ஆசிரியர்கள் ஒரு மாணவர் பொத்தானைத் தேடித் தடுமாறுவதைக் காணும்போது, முதலில் அந்தச் சட்டையைப் பார்க்கட்டும். அதன் பிறகு மாணவரைத் திருத்தட்டும்.